ஈரக் கை என்று நான் சொன்னது

ஆம்பூரில் ஒரு கார் ஷெட்டுக்கு எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஷெட்டில் கார் இல்லை. நாலு தையல் மெஷின், தோலின் ஓரத்தைச் சீவுகிற மெஷின் ஒன்று, கம்ப்ரஸர் ஒன்று, மூலையில் ஒரு கிரைண்டர். இத்தனையும் ஹாலில் டிவிக்கு வைத்த பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக இழுத்த ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓடின. தெருவைத் தாண்டிப் போய் அந்த ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். என் டீயைவிடச் சூடாக இருந்தது.

இங்கே தெருவுக்கு இரண்டு ஷெட்டாவது இப்படி உண்டு. ஷூ கம்பெனிகள் மேல்பாகம் தைக்கும் வேலையை வெளியே கொடுக்கின்றன. வாங்குகிறவர்கள் வீட்டு முன்னாலேயே பட்டறை போட்டுவிடுகிறார்கள். வீட்டு எலக்ட்ரீஷியனுக்கு ஃபேனும் மோட்டாரும் தெரியும். ஃபேக்டரிக்காரனுக்கு ஃபேக்டரி தெரியும். நடுவில் இருக்கிற இந்த ஷெட்டுகளுக்கு ஆள் இல்லை. நான் ஆகிவிட்டால் என்ன? டீ கிளாஸைத் திருப்பிக் கொடுப்பதற்குள் விசிட்டிங் கார்டில் என்ன எழுத வேண்டும் என்பதுவரை முடிவு செய்துவிட்டேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

இப்போது இருபத்தொன்பது. ஒயரிங் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. சத்துவாச்சாரியில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சோலார் இணைப்புகளுக்கு வரைபடம் போடுகிறேன். பாலிடெக்னிக் ஜூனியர்கள் தங்கள் மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "ரிட்டயர்டு ஆளுங்கதான் அண்ணா எழுதணும், அதான் உங்ககிட்ட வந்தோம்" என்று கிண்டல் வேறு. வீட்டுப் பட்டறைக்கு மும்முனை மின்சாரம் கொடுப்பது எப்படி என்று எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் அதை எப்படிச் செய்யக் கூடாது என்பதுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்த பகுதி.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டிப்ளமோ மூன்று வருடம். பிறகு ஒரு தோல் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் இரண்டு வருடம். அங்கே எனக்கு மேலே இருந்தவர் ஹேமா மேடம். முப்பத்தைந்து வயதிருக்கும். குரலை உயர்த்த மாட்டார், திட்டவும் மாட்டார். ஒரு மோட்டார் நின்றுவிட்டது என்று ஓடிப்போய்ச் சொன்னால் முதலில் இதுதான் கேட்பார்: "நீ இன்னா பார்த்தே? அத சொல்லு. இன்னா நெனச்சேன்றத அப்புறம் கேக்கறேன்."

வேலை தொடங்குமுன் மெயினை அணைத்துத் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொள்வார். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள பாயின்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்ப்பார். பிறகு அணைத்த இடத்தில் வைப்பார். பிறகு மறுபடி கரண்ட் உள்ள பாயின்டில். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால்? அதற்காகத்தான் மூன்றாவது முறை. எந்த மெஷினின் உடம்பையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையால் பிடித்தால், கரண்ட் இருக்கும்பட்சத்தில் விரல்கள் மடங்கிக்கொள்ளும், விட முடியாது. திங்கட்கிழமை காலையில் எங்கள் எல்லோருக்கும் முன்பே வந்து, ஒவ்வொரு டிரிப்பரிலும் உள்ள டெஸ்ட் பட்டனைத் தானே அமுக்கி, அது விழுகிற சத்தம் கேட்டபின்தான் கையெழுத்துப் போடுவார்.

டிரிப்பர் என்று நாங்கள் பேச்சில் சொல்வது ஆர்சிசிபி என்ற கருவியை. மெஷினுக்குள் போன கரண்ட் அதே அளவு திரும்பி வரவில்லையென்றால் எங்கோ கசிகிறது என்று கண்டுபிடித்து, கண் மூடித் திறப்பதற்குள் அணைத்துவிடும். அந்தக் கசிவு ஒரு மனித உடம்பின் வழியாகவும் இருக்கலாம் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறோம்.

மேடம் செய்வதெல்லாம் எனக்கு மெதுவாகத் தெரிந்தது. எனக்குக் கை வேகம். ஒருமுறை பார்த்தால் போதும், செய்துவிடுவேன். அதில் பெருமை வேறு. இரண்டு வருடம் முடிந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஷெட்டுகளைத் தேடிப் போய்விட்டேன்.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். மின்வாரியத்தில் விண்ணப்பம் போட்டு வீட்டின் ஒருமுனை இணைப்பை மும்முனையாக மாற்ற வைப்பேன். வீட்டுக்கு ஒரு பலகை, ஷெட்டுக்குத் தனிப் பலகை. ஒவ்வொரு பெரிய மெஷினுக்கும் தனி ஒயர், கரண்ட் அளவு மீறினால் அணைந்துவிடும் எம்சிபி ஒன்று. ஒயர் தரையில் ஓடாது. சுவரில் இடுப்புக்கு மேலே குழாயில் வரும், ஏனென்றால் தரையில் தோல் வண்டி இழுப்பார்கள். ஷெட் பலகையின் தலையில் ஒரு டிரிப்பர். மெஷின் உடம்பு ஒவ்வொன்றிலிருந்தும் பச்சை ஒயர் கிளம்பி எர்த்துக்கு, அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் குழாய்க்கு, போகும்.

எர்த்தில்தான் நான் கோட்டை விட்டேன்.

மற்ற ஊர்களில் எர்த்துக்குக் குழி வெட்டி, கனமான குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பார்கள். எங்கள் பக்கம் மண்ணிலேயே உப்பு. தோல் கழுவிய தண்ணீர் எத்தனையோ வருடங்களாக இறங்கிய மண். சும்மா ஒரு மெல்லிய இரும்புக் குழாயை அடித்து இறக்கினாலே மீட்டர் ஒரு ஓமுக்குக் கீழே காட்டும். இங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் உப்பே வாங்க மாட்டார்கள், அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். மீட்டரைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். இவ்வளவு நல்ல ரீடிங் வரும்போது கனமான குழாய் எதற்கு, அவ்வப்போது திறந்து பார்ப்பதற்கு மூடி போட்ட தொட்டி எதற்கு?

கரண்டை நன்றாக இழுத்துக்கொள்கிற அதே உப்பு இரும்பைத் தின்றுவிடும். டிப்ளமோவில் இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண்.

இம்தியாஸ் பாயின் ஷெட் நான் செய்த ஒன்பதாவது ஷெட். அவர் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்து வெளியே வந்தவர். காரை விற்றுத்தான் தோல் வெட்டும் பிரஸ்ஸை வாங்கினார். பிரஸ் என்றால் ஆள் உயரத்துக்கு இரும்பு. மேலே ஒரு கை மாதிரி நீண்டிருக்கும். தோலை விரித்து, அச்சை அதன் மேல் வைத்து, அந்தக் கையைப் பிடியால் இழுத்து அச்சுக்கு நேர் மேலே கொண்டுவந்து பட்டனை அமுக்கினால் டப்பென்று வெட்டும். நானூற்றுப் பதினைந்து வோல்ட் மோட்டார்.

முன்முற்றத்துக்கு டைல்ஸ் போடப் போகிறேன், எர்த் குழி மேலே தெரியக் கூடாது என்றார் பாய். சரி என்றேன். குழாயும் ஒயரும் சேரும் இடம் டைல்ஸுக்கு அடியில் போய்விட்டது. அதை இனி யாரும் பார்க்கவே முடியாது என்பதை யோசித்தேனா? யோசித்தேன். ரீடிங் நினைவுக்கு வந்தது, விட்டுவிட்டேன்.

அந்த பிரஸ்ஸை இயக்கியவர் சுமதி அக்கா. பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவார். எங்கள் பக்கம் பெண்கள் தைப்பார்கள், பசை போடுவார்கள், நூல் வெட்டுவார்கள். பிரஸ் ஆண்கள் வேலை. சுமதி அக்கா கம்பெனியில் இருந்தபோது மதிய இடைவேளைகளில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். பாய் அவரை நம்பி பிரஸ்ஸைக் கொடுத்ததைத் தெருவே பேசியது. அவர் தோலைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால்தான் பார்ப்பார். இரண்டு விரலை ஓடவிட்டு, இங்கே தொளதொளவென்று இருக்கு, இது ஷூவின் நாக்குக்குப் போகட்டும், முன்பக்கத்துக்கு வேண்டாம் என்பார். ஒரு தோலில் அவர் எடுக்கிற ஜோடியை வேறு யாரும் எடுக்க முடியாது என்று பாயே என்னிடம் சொன்னார்.

அந்த வருட மழையில் டிரிப்பர் விழ ஆரம்பித்தது. முதலில் நாளைக்கு ஒரு தடவை. பிறகு மணிக்கு இரண்டு. அனுப்ப வேண்டிய சரக்குக்கு வண்டி மாலையில் வருகிறது என்ற நாளில் பாய் என்னைக் கூப்பிட்டார். போனேன். ஷெட்டில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி, ஒரே பேஜாரா கீது. பத்து ஜோடி வெட்டறதுக்குள்ள ஆஃப் ஆயிடுது. இத இன்னா பண்ணலாம் சொல்லு."

நான் பார்த்தது, பிரஸ்ஸைப் போட்டால் டிரிப்பர் விழுகிறது என்பது. நான் நினைத்தது, மழை ஈரம் என்பது. பிரஸ்ஸின் மோட்டார் ஒயரைக் கழற்றி இன்சுலேஷனைச் சோதிக்க அரை மணி நேரம் பிரஸ் நிற்க வேண்டும். அரை மணி நேரம் இல்லை என்றார் பாய். இருந்தாலும் நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

நான்கு துண்டு ஒயரை வெட்டினேன். டிரிப்பரின் மேல் முனைகளிலிருந்து கீழ் முனைகளுக்கு நேராகப் போட்டேன். கரண்ட் டிரிப்பரைச் சுற்றிக்கொண்டு போனது. இனி அது எதையும் கவனிக்காது, விழவும் விழாது. அடுத்த வாரம் வந்து மாற்றித் தருகிறேன், எர்த் சூப்பராக இருக்கிறது, பயமில்லை என்றேன். பிரஸ் ஓடியது. ஷெட்டில் கை தட்டினார்கள். சுமதி அக்கா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து எனக்கு முதலில் நீட்டினார். "வேலக்காரன்னா இவந்தான். வந்தான், பாத்தான், முடிச்சான்" என்றார்.

அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரமும். ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பேரணாம்பட்டில் ஒரு ஷெட், வாணியம்பாடியில் இரண்டு. இன்னும் இரண்டு இடங்களில் அதே நான்கு துண்டு ஒயரைப் போட்டேன். ஒருமுறை செய்துவிட்டால் அதுவும் ஒரு முறையாகிவிடுகிறது.

ஒன்றரை வருடம் கழித்து, பள்ளிகொண்டாவில் ஒரு வேலையில் இருந்தேன். காலை பதினோரு மணிக்கு பாயிடமிருந்து போன். பிரஸ்ஸில் கரண்ட் அடித்துவிட்டது, சுமதியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார். உயிர் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. மெயின் ஆஃபா, யாராவது பலகையைத் திறந்தார்களா என்று கேட்டேன். பைக்கில் ஆம்பூர் வரும்வரை என் தலையில் அந்த நான்கு துண்டு ஒயர்தான் இருந்தது. சுமதி அக்கா நினைப்பில்கூட இல்லை.

ஷெட்டில் யாருமில்லை. பாயின் அம்மா கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். பலகையைத் திறந்து நான்கு துண்டையும் கழற்றிப் பாக்கெட்டில் போட்டேன். டிரிப்பரை முறைப்படி இணைத்து பிரஸ்ஸுக்குக் கரண்ட் கொடுத்து, டெஸ்ட் விளக்கின் ஒரு ஒயரை அதன் உடம்பிலும் இன்னொன்றை வாசல் மண்ணிலும் வைத்தேன். டக்கென்று விழுந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு அது சொன்னதும் இதுதான். பிரஸ்ஸின் கை திரும்புகிற இடத்தில் மோட்டார் ஒயர் இரும்பில் உரசி உரசித் தோலுரிந்து, செம்பு உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பச்சை ஒயரை டைல்ஸ் ஓரத்தில் பிடித்து இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் வந்தது. முனையில் துருப் பொடி.

பிரஸ்ஸின் உடம்பு முழுக்கக் கரண்ட் நின்றிருக்கிறது. போவதற்கு மண் இல்லை. சுமதி அக்கா பிடியைப் பிடித்தபோது அவர்தான் எர்த்.

ஒயரை மாற்றி டேப் சுற்றி முடிப்பதற்குள் பாய் வந்துவிட்டார். உயிருக்கு ஆபத்தில்லை, தோள்மூட்டு இறங்கிவிட்டது, வலது கையில் இரண்டு விரல் கருகியிருக்கிறது என்றார். விரல் பிடியை விடவே இல்லையாம், மெயினை இறக்கியபிறகுதான் விழுந்தாராம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு தம்பி?"

பிரஸ் மேஜையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடி திறந்திருந்தது. அதற்கு முன்பு நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"கை ஈரமா இருந்திருக்கும் பாய். தண்ணி குடிச்சிட்டு அப்படியே புடிச்சிருப்பாங்க" என்றேன்.

பாய் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொம்பளைக்கு பிரஸ்ஸ குடுக்காதன்னு எல்லாரும் சொன்னாங்க. நாந்தான் கேக்கல" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் வந்து புதிதாக இரண்டு எர்த் கம்பி இறக்கிக் கொடுத்தேன், கூடுதல் பாதுகாப்புக்கு என்று சொல்லி. பொறுப்பான பையன் என்று பாய் நாலு பேரிடம் சொன்னார். அதன் பேரில் எனக்கு இரண்டு புதிய ஷெட் வந்தது. ஒப்புக்கொள்ளவில்லை. பதினான்கு ஷெட்டோடு நிறுத்திவிட்டேன். போரடித்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். எதையும் சீக்கிரம் பிடித்து சீக்கிரம் விடுகிறவன் என்று எனக்கு ஏற்கெனவே பெயர் இருந்ததால் நம்பினார்கள்.

சுமதி அக்கா மூன்று மாதம் கழித்து ஷெட்டுக்குத் திரும்பினார். பிரஸ்ஸில் வேறு ஆள் நின்றான். அவருக்கு மூலையில் நூல் வெட்டும் வேலை. ஒருமுறை பாய் ஏதோ இன்வாய்ஸ் விஷயமாக என்னை வரச் சொன்னபோது போனேன். சுமதி அக்கா தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார். புது ஆள் பிரஸ்ஸிலிருந்தபடியே, "யக்கா, கைய தொடச்சிக்கோ, கத்திரிக்கோல்ல கரண்ட் வரப் போவுது" என்றான். ஷெட்டே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையில் கையைத் துடைத்தார். நன்றாக, இரண்டு முறை. தினமும் நடக்கிற விளையாட்டு என்பது அதிலேயே தெரிந்தது.

போன மாதம் ஜூனியர்கள் கட்டுரை கேட்டார்கள். தலைப்பை டைப் செய்து, 'எர்த்' என்ற பகுதிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். நான்கு நாள் நின்றேன். ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சுமதி அக்கா வீட்டுக்குப் போனேன்.

வாங்க தம்பி என்று நாற்காலி போட்டார். ஃபேனைப் போட மரக் கரண்டியை எடுத்து, அதன் காம்பால் எட்ட நின்று ஸ்விட்சைத் தட்டினார். நான் பார்ப்பதைப் பார்த்து, "பயம்பா, இன்னும் போவல" என்றார். அவர் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

சொன்னேன். டிரிப்பர், நான்கு ஒயர், குழாய், பாட்டில். வரிசையாக, இப்போது எழுதியிருப்பதைவிட மோசமாக, திக்கித் திக்கி. மன்னிப்பு என்ற வார்த்தையை ஐந்தாறு தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். சுமதி அக்கா வெகுநேரம் தன் வலது கையின் இரண்டு விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதில் இன்னும் உணர்ச்சி வரவில்லை.

"எனக்கே தெரியலப்பா" என்றார். "அன்னிக்கு தண்ணி குடிச்சனா இல்லியான்னே எனக்கு ஞாபகம் இல்ல. நீ படிச்சவன், சொல்லிட்ட. எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். நம்ம தப்புதான், நமக்கு எதுக்கு பிரஸ்ஸுன்னு."

நான் மறுபடி மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கிட்ட சொன்னா இன்னா ஆவும்? எம்மேல தப்பில்லன்னு இப்ப எனக்குத் தெரியும், அவ்ளோதான். அங்க கீறவங்களுக்குத் தெரியுமா? அந்த பிரஸ் எதிர்ல நின்னு சொல்லு. அவங்க எல்லாரும் இருக்கறப்ப சொல்லு."

போலீஸ், நஷ்டஈடு என்று அவர் வீட்டுக்காரர் வாசலிலிருந்து ஏதோ சொன்னார். அது அவர்கள் உரிமை, எதற்கும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அது அப்புறம், முதலில் இது என்றார் சுமதி அக்கா.

வீட்டுக்கு வந்து ஹேமா மேடத்துக்குப் போன் செய்தேன், எர்த் மீட்டர் இரவல் கேட்க. எதற்கு என்றார். அவருக்கும் சொன்னேன். எத்தனை ஷெட் என்று கேட்டார். பதினான்கு. டிரிப்பரைச் சுற்றி ஒயர் போட்டது எத்தனை? மூன்று, ஒன்றைக் கழற்றிவிட்டேன் என்றேன். "அப்ப ரெண்டு இன்னும் ஓடுதா?" என்றார். அவை அப்படியே ஓட, நான் இத்தனை மாதமும் வரைபடம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அந்தக் கேள்வியில்தான் முழுதாக உறைத்தது. அன்றே இரண்டு ஷெட்டுக்காரர்களுக்கும் போன் போட்டு மெயினை இறக்கச் சொன்னேன். மறுநாள் லீவு போட்டுப் போய் ஒயரைக் கழற்றினேன். ஒருவர் என்னை அடிக்க வந்தார். இன்னொருவர், இத்தனை நாளாக ஒன்றும் ஆகவில்லையே, எதற்குப் பதறுகிறாய் என்றார். இரண்டாமவர்தான் என்னை அதிகம் பயமுறுத்தினார். அவர் பேசியது நான் பேசியது மாதிரியே இருந்தது.

மீதி ஷெட்டுகளிலும் தரையை உடைத்து, செம்புக் கம்பி இறக்கி, திறந்து பார்க்கிற மாதிரி தொட்டி கட்ட வேண்டும். வாரத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன். உடைக்க விடுவார்களா என்று தெரியாது.

அதற்கு முன்னால் வருகிற சனிக்கிழமை. ஷெட்டில் பதினோரு மணிக்கு டீ வரும், வேலை செய்கிற ஆறு பேரும் இருப்பார்கள். பிரஸ்ஸை அணைத்துவிட்டு அஞ்சு நிமிஷம் கொடுங்கள் என்று பாயிடம் கேட்டிருக்கிறேன். எதற்கு என்று அவருக்கு இன்னும் தெரியாது. ஏதோ சேஃப்டி வகுப்பு எடுக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஒயரைப் போட்டவன் நான், ஈரக் கை என்று சொன்னது பொய் என்று ஆரம்பிக்கப் போகிறேன். வேகமாகப் பேசிப் பழகியவன், அதை மெதுவாகச் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

சுமதி அக்கா மூலையில் உட்கார மாட்டாராம். பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று கேட்பாராம். "ஏதாச்சும் வுட்டுட்டன்னா நடுவுல கேப்பேன்" என்று சொல்லியிருக்கிறார்.